மூளையைக் காக்கிறதாம் மஞ்சள் டப்பா!

மருந்துக் கடைகளின் கண்ணாடி அலமாரியில் ஒரு புதிய சரக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது. மாத்திரை என்றால் மாத்திரை அல்ல. லேகியம் என்றால் லேகியமும் அல்ல. "சத்துப் பொருள்" என்று பெயர். மஞ்சளிலிருந்து எடுத்தது, வல்லாரையிலிருந்து எடுத்தது, பச்சைத் தேயிலையிலிருந்து எடுத்தது, திராட்சை விதையிலிருந்து எடுத்தது என்று ரகரகமாக டப்பாக்கள். எல்லாவற்றிலும் ஒரே மந்திரச் சொல்: ஆன்டி-ஆக்சிடன்ட்! மூளைக்குக் காவல், நரம்புக்கு அரண், வலிப்பினால் அடிபட்ட மூளைக்கு மறுவாழ்வு என்று விற்பனைப் பிரதிநிதிகள் வாய் வலிக்கப் பேசுகிறார்கள். அதே டப்பாவின் பின்புறத்தை பூதக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். "மருத்துவ உபயோகத்துக்கு அல்ல" என்று பொடி எழுத்தில் இருக்கும். சட்டப்படி இந்த வாசகத்தை அச்சிட்டே ஆகவேண்டும். அச்சிடுகிறார்கள். அச்சிட முடியாததை வாயால் சொல்கிறார்கள்.

இந்த வாய்ச் சொல்லுக்கு இரையாகிறவர்கள் யார்? பணம் படைத்தவர்கள் வீண் செலவு செய்தால் நமக்குக் கவலை இல்லை. அவர்கள் மஞ்சளையும் தின்னட்டும், மயில் தோகையையும் தின்னட்டும். ஆனால் வலிப்பு ஏழையின் வியாதி. உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த நோய் உண்டு. அவர்களில் 100-க்கு 80 பேர் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் வாழ்கிறார்கள் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். நம் நாட்டில் மட்டும் ஒரு கோடிக்கு மேல். பிரசவ நேரத்தில் குழந்தையின் தலையில் பட்ட அடி, கவனிப்பில்லாத மூளைக் காய்ச்சல், சாலையில் விழுந்த விபத்து, சுகாதாரமற்ற உணவின் வழியே மூளைக்குள் போய்த் தங்கும் நாடாப்புழுவின் இளம்புழு - இவைதான் இந்த நோயின் வாசல்கள். கக்கூஸ் இல்லாத ஊரிலும், மருத்துவச்சி இல்லாத ஊரிலும் வலிப்பு அதிகம் என்றால் அது தலைவிதியா?

முறையாகக் கண்டுபிடித்து முறையாக மருந்து கொடுத்தால் இவர்களில் 100-க்கு 70 பேர் வலிப்பே இல்லாமல் வாழலாம். ஒரு நோயாளிக்கு ஒரு வருஷத்துக்கு ஆகும் மருந்துச் செலவு 5 டாலர் வரைக்கும் இறங்கக் கூடியது என்று அதே ஸ்தாபனம் கணக்குப் போட்டிருக்கிறது. ஆனால் ஏழை நாடுகளில் நான்கில் மூன்று பேருக்கு இந்தச் சிகிச்சை கிடைப்பதில்லை! ஏழை நாடுகளிலும் நடுத்தர நாடுகளிலும் சர்க்கார் ஆஸ்பத்திரிகளை எடுத்துப் பார்த்தால், வலிப்பு மாத்திரை கிடைப்பது சராசரியாகப் பாதிக்கும் குறைவு. மருந்து இருக்கிறது, விலை மலிவு, நோயாளியும் இருக்கிறான். நடுவில் இருக்கும் பள்ளத்தை யாரும் நிரப்பவில்லை. அந்தப் பள்ளத்தில்தான் மஞ்சள் டப்பாக்காரர் கடை போட்டிருக்கிறார்.

நாம் மூலிகைக்கு விரோதிகள் அல்ல; விஞ்ஞானத்துக்கும் விரோதிகள் அல்ல. டப்பாக்காரர்கள் சொல்வதில் ஒரு அரை உண்மை இருக்கிறது. அந்த அரை உண்மையை முதலில் முழுசாகச் சொல்லிவிடுவோம்.

மனிதனின் மூளை உடல் எடையில் 100-க்கு 2 பங்குதான். ஆனால் உடல் செலவழிக்கும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே விழுங்குகிறது. வலிப்பு வரும்போது நரம்பணுக்கள் கட்டுக்கடங்காமல் மின்சாரத்தைக் கொட்டுகின்றன. குளூட்டமேட் என்ற ரசாயனம் வெள்ளமாகப் பாய்கிறது. கால்சியம் அணுவுக்குள் புகுந்து நிரம்புகிறது. அணுவின் அடுப்பாகிய மைட்டோகாண்டிரியா திணறுகிறது. அப்போது பிராணவாயுவிலிருந்தே வெறி பிடித்த சில துணுக்குகள் பிறந்து, கொழுப்பாலான அணுவின் சுவரைத் துருப்பிடிக்க வைப்பதுபோல் அரிக்கின்றன. வலிப்பு சிறிது நேரத்தில் நின்றுவிட்டால் மூளை சமாளித்துக் கொள்ளும். நிற்காமல் நீடித்தால் - 5 நிமிஷத்தைத் தாண்டினாலே டாக்டர்கள் அதை அபாய நிலை என்கிறார்கள் - நினைவைச் சேமிக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் அணுக்கள் சாகத் தொடங்கும். 1973-ல் பிரிட்டனில் பிரயன் மெல்டரமும் அவருடைய சகாக்களும் பபூன் குரங்குகளிடம் இதை நிரூபித்தார்கள். உடல் வெட்டி இழுக்காமல் மருந்தால் கட்டி, சுவாசத்தையும் இயந்திரத்தால் ஒழுங்கு செய்த பிறகும், மூளைக்குள் ஓடிய வலிப்பே அணுக்களைக் கொன்றது.

ஆகவே இந்தத் துருவைத் தடுக்கும் பொருள் ஒன்றைக் கொடுத்தால் மூளை பிழைக்குமா என்று கேட்பது நியாயமான கேள்வி. செடிகளில் அத்தகைய பொருள்கள் உண்டு என்பதும் உண்மை. மஞ்சளின் நிறப்பொருளாகிய குர்குமின், முட்டைக்கோஸ் இனத்திலுள்ள சல்ஃபோராபேன், திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரால் ஆகியவற்றைக் கொடுத்த எலிகளின் மூளையில் சேதம் குறைந்திருப்பதைப் பல ஆராய்ச்சிச் சாலைகள் பார்த்திருக்கின்றன. இந்த வேலை நடக்கத்தான் வேண்டும். ஏனென்றால், இன்று நம்மிடம் இருக்கும் மாத்திரைகள் வலிப்பை அடக்குகின்றன. ஆனால் தலையில் அடிபட்ட ஒருவனுக்குப் பின்னாளில் வலிப்பு நோய் வராமல் தடுக்கும் மருந்து என்று நிரூபணமானது ஒன்றுகூட இல்லை. 1990-ல் அமெரிக்காவில் தலைக்காயம் பட்டவர்களுக்கு பெனிட்டாயின் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் வாரத்து வலிப்பு குறைந்தது. பிற்பாடு வரும் வலிப்பு குறையவில்லை.

இது வரைக்கும் விஞ்ஞானம். இதற்கு மேல் வியாபாரம்.

எலிக்கு என்ன செய்தார்கள் என்று டப்பாவில் போடுவதில்லையே, ஏன்? பெரும்பாலான பரிசோதனைகளில் வலிப்பை உண்டாக்குவதற்கு முன்பே, சில சமயம் நாள்கணக்கில் முன்பே, எலிக்கு மருந்தைக் கொடுத்துவிடுகிறார்கள். வலிப்பு எந்த மணிக்கு வரும் என்று ஆராய்ச்சிக்காரருக்குத் தெரியும், வரவழைப்பவரே அவர்தான்! கரும்பு வெட்டப் போகும் நம் தோழனுக்கு யார் முன்கூட்டிச் சொல்வார்கள்? இரண்டாவது, அளவு. எலியின் எடையில் ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராம் குர்குமின் கொடுத்தார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். அதை அப்படியே 60 கிலோ மனிதனுக்குப் போட்டால் 6 கிராம். மஞ்சளில் குர்குமின் 100-க்கு சுமார் 3 பங்கு. அப்படியானால் தினமும் 200 கிராம் மஞ்சள்! எலிக்கும் மனிதனுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழித்து நிபுணர்கள் போடுகிற கணக்குப்படி குறைத்தாலும், தினசரி 30 கிராமுக்குக் கீழே வராது. குழம்பில் ஒரு சிட்டிகை போடும் தாய்மார்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்.

தின்றாலும் உடலில் ஒட்ட வேண்டுமே! குர்குமின் குடலில் இருந்து ரத்தத்துக்குப் போவது மிக அற்பம். போனதும் ஈரல் அதை உருமாற்றி வெளியே தள்ளிவிடுகிறது. 1998-ல் பெங்களூரில் ஆரோக்கியமான மனிதர்களுக்கு 2 கிராம் குர்குமின் கொடுத்துப் பார்த்தபோது ரத்தத்தில் அது கண்ணுக்கே தட்டுப்படவில்லை என்று சொல்லலாம். மிளகின் காரச்சத்தாகிய பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது அது 20 மடங்கு உயர்ந்தது. உடனே வியாபாரிகள் இதைப் பிடித்துக் கொண்டார்கள். "மிளகுச் சத்துடன் கூடியது" என்று டப்பாவில் கொட்டை எழுத்து!

இங்கேதான் விஷயம் விபரீதமாகிறது. மிளகுச் சத்து எப்படி அந்த வேலையைச் செய்கிறது? மருந்துகளைக் கழித்து வெளியேற்றும் குடலின் காவலையும் ஈரலின் காவலையும் அது மந்தப்படுத்துகிறது. அந்தக் காவல் குர்குமினுக்கு மட்டும் உள்ளது அல்ல. பெனிட்டாயின் சாப்பிடும் வலிப்பு நோயாளிகளிடமே 2006-ல் பரிசோதித்துப் பார்த்தார்கள். பைப்பரின் கொடுத்ததும் ரத்தத்தில் பெனிட்டாயின் ஏறியது. பெனிட்டாயின் ஒரு முரட்டு மருந்து. ஒரு எல்லைக்கு மேல் கொஞ்சம் கூடினாலும் ரத்தத்தில் கிடுகிடுவென்று ஏறிவிடும். நடை தள்ளாடும், கண்ணுக்கு ஒன்று இரண்டாகத் தெரியும், பேச்சு குழறும். ரசத்தில் போடுகிற மிளகைப் பற்றி நாம் பேசவில்லை. வடித்தெடுத்துக் குப்பிக்குள் அடைத்த சத்தைப் பற்றிப் பேசுகிறோம். "இயற்கையானது, கெடுதல் செய்யாது" என்று விற்றவர் இந்த நோயாளியைத் திரும்பிப் பார்ப்பாரா? 2019-ல் இத்தாலியில் மஞ்சள் சத்து மாத்திரை தின்ற 20 பேருக்கும் மேல் ஈரல் அழற்சியில் விழுந்தார்கள். டப்பாவின் மேல் எச்சரிக்கை போடும்படி அந்த நாட்டுச் சர்க்கார் உத்தரவிட்டது.

இயற்கையாம், இயற்கை! வலிப்பை அடக்குமா என்று பார்க்கிற ஆராய்ச்சிச் சாலையில் எலிக்கு வலிப்பை உண்டாக்குவது எதைக் கொண்டு தெரியுமா? கைனிக் அமிலம் - கடல் பாசியிலிருந்து கிடைப்பது. பைலோகார்ப்பின் - பிரேசில் நாட்டுச் செடியிலிருந்து வருவது. பிக்ரோடாக்சின் - நம் ஊர்க் காடுகளிலேயே கொடி ஏறிக் காய்க்கும் காக்காய்க்கொல்லி விதையின் விஷம். எட்டிக்கொட்டையின் ஸ்டிரிக்னின் மனிதனை வில்லாக வளைத்து இழுக்கும் என்பது கிராமத்தில் எல்லாருக்கும் தெரியும். வாயில் போட்டுக் கொண்ட கற்பூரக் கட்டியால் வலிப்பு கண்ட குழந்தைகளை எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் கேட்டறியலாம். செடி நமக்குச் சொந்தமும் அல்ல, சத்துருவும் அல்ல. எந்தச் செடி, எந்தப் பகுதி, எவ்வளவு, யாருக்கு - இதைச் சொல்ல முடியாதவன் "இயற்கை" என்று சொல்லி நழுவுகிறான்.

மனிதர்களிடம் பார்த்தார்களா? சில தடவை பார்த்தார்கள். எண்ணெய் வித்துகளில் உள்ள வைட்டமின் ஈ ஒரு ஆன்டி-ஆக்சிடன்ட்தான். 1989-ல் 24 குழந்தைகளை வைத்து நடந்த ஒரு சிறிய பரிசோதனை ஓஹோவென்று பலன் காட்டியது. 1994-ல் டில்லியில் 43 நோயாளிகளிடம், யாருக்கு மருந்து யாருக்கு வெறும் மாவு என்று கொடுப்பவருக்கும் தெரியாமல் ஒழுங்காக நடத்திப் பார்த்தார்கள். குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்றே முடிவு வந்தது. இந்த இரண்டில் முதலாவதை மட்டும் விளம்பரத்தில் எடுத்துப் பேசுவது நேர்மையா? குர்குமினைப் பற்றி 2017-ல் ரசாயன நிபுணர்கள் சிலர், அதுவரை நடந்த 120-க்கு மேற்பட்ட மனிதப் பரிசோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். ஒழுங்கான முறையில் நடந்த எதிலும், எந்த நோய்க்கும், அது வெற்றி பெற்றதாகக் காட்ட முடியவில்லை என்று எழுதினார்கள். வலிப்புக்கு மட்டும் அல்ல, எந்த நோய்க்கும்!

"நீங்கள் நம் முன்னோரின் வைத்தியத்தை இழிவு செய்கிறீர்கள்" என்று சிலர் கிளம்புவார்கள். ஐயா, மஞ்சளைப் பிழிந்து ரசாயனத் திரவத்தில் ஊறவைத்து, 95 சதவிகிதக் குர்குமினாக வடித்துக் குப்பியில் அடைக்கச் சொன்ன சித்தர் யார்? பாட்டி வைத்தியத்துக்கும் இந்த டப்பாவுக்கும் உள்ள உறவு, கைத்தறிக்கும் நைலானுக்கும் உள்ள உறவு. 1995-ல் அமெரிக்காவில் புண்ணுக்கு மஞ்சள் போடுவதற்கே பேடண்ட் வாங்கினார்கள். நமது விஞ்ஞானக் குழு வழக்காடி 1997-ல் அதை ரத்துச் செய்ய வைத்தது. அன்று பாட்டியின் அறிவைத் திருடியவர்களை எதிர்த்த நாம், இன்று பாட்டியின் பெயரைத் திருடி விற்கிறவர்களை எதிர்க்கக் கூடாதா? ஈரோட்டு மஞ்சள் விவசாயிக்கு இந்த டப்பாவின் விலையில் என்ன பங்கு கிடைக்கிறது என்பதையும் அந்தப் பாரம்பரியக் காவலர்கள் கொஞ்சம் சொல்லட்டும்.

இன்னொரு கூத்து. வலிப்பைக் குணப்படுத்தும் மூலிகை மாத்திரை என்று விற்கப்பட்டவற்றை நம் நாட்டில் சோதனைச் சாலைக்கு அனுப்பிப் பார்த்தபோது, அவற்றில் சிலவற்றுக்குள் பெனிட்டாயினும் பினோபார்பிட்டோனும் இருந்தன! எந்த மலிவு மாத்திரையை "இங்கிலீஷ் விஷம்" என்று தூற்றினார்களோ, அதையே இடித்துக் கலந்து, அளவும் சொல்லாமல், பல மடங்கு விலைக்கு விற்றார்கள். நோயாளி குணம் கண்டால் மூலிகையின் மகிமை; மயங்கி விழுந்தால் அவன் பத்தியம் மீறினான்!

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1954-ம் வருஷத்து மருந்து, மாயப் பரிகாரங்கள் விளம்பரச் சட்டத்தின் பட்டியலில் வலிப்பு நோயும் உண்டு. அதைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே குற்றம். ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்து விளம்பரங்களுக்கு முன் அனுமதி வேண்டும் என்று 2018-ல் 170-வது விதியையும் சேர்த்தார்கள். 2024 ஜூலையில் மத்திய சர்க்காரே அந்த விதியை நீக்கி அறிவிப்பு வெளியிட்டது! ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் அந்த அறிவிப்பை நிறுத்தி வைத்துக் கண்டித்தது. வேலியே பயிரை மேய்ந்த கதையை இதைவிடத் தெளிவாக யாரும் எழுத முடியாது. "சத்துப் பொருள்" என்று பெயர் வைத்துக் கொண்டாலோ இன்னும் வசதி. அது உணவு இனத்தில் போய்விடுகிறது. மருந்து விலைக் கட்டுப்பாடு அதைத் தொடாது. பெனிட்டாயினுக்கு உச்சவிலை உண்டு, மஞ்சள் குப்பிக்குக் கிடையாது.

செடியிலிருந்து உண்மையிலேயே வலிப்பு மருந்து வராதா? வந்திருக்கிறது. வந்த பிறகு என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். கஞ்சாச் செடியில் போதை தராத கன்னாபிடியால் என்ற பொருள் உண்டு. அமெரிக்கச் சர்க்காரின் ஆராய்ச்சியாளர்கள், மக்கள் வரிப்பணத்தில், இந்த இனப் பொருள்கள் துருவைத் தடுத்து மூளையைக் காக்கும் என்று கண்டு, 2003-ல் சர்க்கார் பெயரிலேயே பேடண்ட் வாங்கினார்கள். பிற்பாடு ஒரு பிரிட்டிஷ் கம்பெனி இதை வலிப்புக்கு ஒழுங்காகப் பரிசோதித்தது. டிராவே என்ற கொடிய குழந்தை வலிப்பு கண்ட 120 பேரிடம் நடந்து 2017-ல் வெளியான பரிசோதனையில், மருந்து பெற்றவர்களுக்கு மாதத்துக்கு 12 ஆக இருந்த வலிப்பு சுமார் 6 ஆகக் குறைந்தது. மாற்று மருந்து பெற்றவர்களுக்கு 15-லிருந்து 14. பலன் உண்டு, சந்தேகமில்லை. அது துருவைத் தடுப்பதால் வந்த பலனா, வேறு வழியில் வந்ததா என்பது இன்னும் தீராத விவாதம். ஈரலுக்குத் தொல்லை உண்டு, வால்புரோயேட்டுடன் சேர்ந்தால் அதிகம் என்பதும் அதே பரிசோதனையில்தான் தெரிந்தது. சோதித்தால் நல்லதும் கெட்டதும் சேர்ந்தே தெரியும்; அதனால்தான் டப்பாக்காரர் சோதிப்பதில்லை. 2018-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. விலை? ஒரு வருஷத்துக்குச் சுமார் 32,500 டாலர்! 2021-ல் அந்தக் கம்பெனியையே வேறொரு கம்பெனி 700 கோடி டாலருக்கு மேல் கொடுத்து விழுங்கியது.

பலிக்காத செடியை ஏழைக்கு விற்பார்கள். பலிக்கும் செடியை அவன் தொட முடியாத உயரத்தில் கட்டி வைப்பார்கள். நடுவில் பினோபார்பிட்டல் என்ற பழைய மாத்திரை கிடக்கிறது. 1912-ல் ஜெர்மனியில் ஆல்பிரட் ஹாப்ட்மன் என்ற இளம் டாக்டர் வலிப்புக்கு அதன் பலனைக் கண்டார். நூறு வருஷத்துக்கும் மேலாகிவிட்டது; பேடண்ட் இல்லை, கொள்ளை லாபம் இல்லை, ஆகவே விளம்பரமும் இல்லை. குறையே இல்லாத மருந்து அல்ல அது; தூக்கம் வரும், மந்தம் வரும். ஆனால் சீனாவில் கிராமத்துச் சாதாரண டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுத்து 2,455 நோயாளிகளுக்கு இதைக் கொடுத்தார்கள். ஒரு வருஷம் தொடர்ந்து சாப்பிட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு வலிப்பு பாதியோ அதற்கு மேலோ குறைந்தது. மூன்றில் ஒருவருக்கு அடியோடு நின்றது. 2006-ல் வெளியான கணக்கு இது. செடிச் சத்து விற்பவர்கள் இப்படி ஒரு கணக்கைக் கொண்டு வரட்டும், முதல் பக்கத்தில் போடுகிறோம்.

மாத்திரைக்கு மசியாத வலிப்பும் உண்டு. நூற்றுக்கு முப்பது பேருக்கு அப்படி. டப்பாக்காரரின் வலையில் முதலில் விழுவது அந்தக் குடும்பங்கள்தான். அவர்களிடம் கோபப்பட நமக்கு உரிமை இல்லை. அவர்களில் பலருக்கு அறுவைச் சிகிச்சை வழி உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையத்தில் 1995 முதல் செய்கிறார்கள், அது பொதுத் துறை நிலையம். இந்தச் செய்தி எத்தனை தாலுகா ஆஸ்பத்திரிகளில் நோயாளியின் காதில் விழுகிறது? இந்து விவாகச் சட்டத்தில் இருந்து வலிப்பு என்ற சொல்லை எடுப்பதற்கே 1999 வரை ஆயிற்று என்றால், பெண்ணைப் பெற்றவர்கள் நோயை ஒளித்து வைத்து, ரகசியமாக டப்பா வாங்குவதில் என்ன ஆச்சரியம்! அன்று கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள். இன்று குப்பியைத் திணிக்கிறார்கள். சாவி மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை. "இதைத் தொடங்குங்கள், அதை மெல்ல விட்டுவிடலாம்" என்று குப்பிக்காரர் சொல்கிறார். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரலாம். எந்த மூளையைக் காப்பதாகச் சொன்னார்களோ அந்த மூளையே வேகும். நிறுத்தாதீர்கள்! எது வாங்கினாலும், டாக்டரிடம் காட்டாமல் தின்னாதீர்கள்.

ஆராய்ச்சி நடக்கட்டும் என்றோம். யார் நடத்துவது? சோவியத் உதவியோடு 1961-ல் தொடங்கிய ஐ.டி.பி.எல். பொதுத் துறை மருந்து ஸ்தாபனத்தை மூடிவிட 2016-ல் மந்திரி சபை முடிவெடுத்தது. மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் இருக்கிறது, சர்க்கார் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, நோயாளிகளும் இருக்கிறார்கள். வல்லாரையோ மஞ்சளோ, நீடித்த வலிப்புடன் வரும் நோயாளிக்கு வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்தால் மூளை பிழைக்கிறதா என்று பொதுப் பணத்தில் ஒழுங்காகப் பார்க்கட்டும். பலித்தாலும் பலிக்காவிட்டாலும் முடிவை வெளியிடட்டும். பலித்தால் பேடண்ட் பூட்டு இல்லாமல் எல்லாருக்கும் கொடுக்கட்டும். அதுவரை 1954-ம் வருஷத்துச் சட்டத்தை வாய்ச் சொல் வியாபாரத்தின் மீதும் பிரயோகிக்கட்டும்.

அதற்கெல்லாம் காத்திராமல் இந்த வாரமே செய்ய ஒரு வேலை உண்டு. வாசகர்கள் தங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், பினோபார்பிட்டோன், பெனிட்டாயின், கார்பமாசெபைன், வால்புரோயேட் இந்த நான்கும் எத்தனை நாளுக்கு இருப்பு இருக்கிறது, கடந்த மூன்று மாதத்தில் எத்தனை பேரை "அடுத்த வாரம் வா" என்று திருப்பி அனுப்பினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். ஊர்ப் பெயரோடு அச்சிடுவோம்.